ஓர் எண்ணுக்குள் இரண்டு மின்னோட்டம்: சார்ல்ஸ் ஸ்டைன்மெட்ஸின் வாழ்க்கை

சென்ற பருவத்தில் எங்கள் பணிமனையில் எனக்கு ஒரு சிறு வேலை கொடுத்தார்கள். மரம் அறுக்கும்போது பறக்கும் தூளை இழுத்துப் பையில் சேர்க்கும் தூசி உறிஞ்சி ஒன்றை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதன் மோட்டார் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து ஒரு பக்க அறிக்கை எழுத வேண்டும். மோட்டாரின் தகட்டில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் மாட்டினேன். அது 12.5 ஆம்பியர் காட்டியது.

மோட்டார் சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் கால் பங்கு கூடினால் வெப்பம் பாதிக்கு மேல் கூடிவிடும். இப்படியே ஓடினால் சுருள் கருகிவிடும் என்று எனக்குத் தெரியும். எனவே மோட்டார் பழுது, புதியது வாங்க வேண்டும் என்று அறிக்கையை முடித்துவிட்டேன்.

பணிமனையைப் பார்த்துக்கொள்ளும் அங்கிள் அதைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தரையில் சுருண்டு கிடந்த உறிஞ்சு குழாயை எடுத்து இயந்திரத்தின் வாயில் மாட்டிவிட்டு, மறுபடியும் அளக்கச் சொன்னார். இப்போது 10 ஆம்பியர். பிறகு குழாயில் இருந்த அடைப்புத் தகட்டை முழுவதும் தள்ளி மூடினார். மீட்டர் 7.2க்கு இறங்கியது.

நான் நேர்மாறாக நினைத்திருந்தேன். வழியை அடைத்தால் மோட்டார் திணறும், மின்னோட்டம் ஏறும் என்பதே என் எண்ணம். உண்மையில் விசிறிக்கு வேலை என்பது காற்றை நகர்த்துவதுதான். வாய் திறந்து கிடந்தால் அது அளவுக்கு மீறிக் காற்றை அள்ளுகிறது. வாயை மூடினால் உள்ளே இருக்கும் அதே காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் தூசி உறிஞ்சும் கருவியின் குழாயைக் கையால் மூடிப் பாருங்கள். அதன் சத்தம் மெலிதாகி உயரும். சுமை குறைந்ததால் மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது.

ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. காற்றே நகராதபோது 7 ஆம்பியர் எங்கே போகிறது? அதற்கு விடை தேடியபோதுதான் எங்கள் பாடநூலில் மோட்டாரின் சுற்றுப்படத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு பெயரின் பின்னால் இருந்த மனிதரை அறிந்துகொண்டேன். அவர் சார்ல்ஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ்.

பிரெஸ்லாவில் பிறந்த பிள்ளை

ஸ்டைன்மெட்ஸ் 1865 ஏப்ரல் 9ஆம் தேதி பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று அது பிரஷ்யாவைச் சேர்ந்தது. இன்று போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப். தந்தை ரயில்வேயில் கல்லச்சு வேலை பார்த்தவர். பிள்ளைக்கு ஒரு வயது இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார்.

தாத்தாவுக்கும் தந்தைக்கும் இருந்த முதுகுக் கூன் கார்லுக்கும் பிறவியிலேயே வந்தது. இடுப்பும் கோணியிருந்தது. வளர்ந்த பிறகும் அவர் உயரம் ஏறத்தாழ நான்கு அடிதான். ஆனால் படிப்பில் அவரைப் பிடிக்க முடியவில்லை. 1883இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் படித்தார். சக மாணவர்கள் அவருக்குப் புரோட்டியஸ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கிரேக்கக் கதைகளில் நினைத்தபடி உருமாறும் கடல் தெய்வத்தின் பெயர் அது.

பல்கலைக்கழகத்தில் அவர் சமதர்ம மாணவர் குழுவில் சேர்ந்தார். பிஸ்மார்க்கின் ஆட்சியில் சமதர்ம இயக்கத்துக்கு எதிராகச் சட்டம் இருந்த காலம் அது. கட்சி ஏடு ஒன்றின் ஆசிரியர் பொறுப்பையும் அவர் ஏற்றார். போலிசின் பார்வை அவர் மீது விழுந்தது. 1888இல், முனைவர் பட்டம் கைக்கு எட்டும் நேரத்தில், கைதாவதைத் தவிர்க்க நாட்டை விட்டே வெளியேறினார். பட்டம் கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குப் போய், அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தார்.

துறைமுகத்தில் ஒரு தயக்கம்

1889இல் நண்பர் ஒருவரோடு கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தார். கையில் பணம் இல்லை. ஆங்கிலமும் சரியாக வராது. கூன் விழுந்த, குள்ளமான, நோயாளியைப் போல் தெரிந்த இளைஞரைப் பார்த்த குடிநுழைவு அதிகாரிகள் உள்ளே விடத் தயங்கினார்கள். உழைத்துப் பிழைக்க முடியாதவர், அரசுக்குப் பாரமாகிவிடுவார் என்பது அவர்கள் அச்சம். கூட வந்த நண்பர், இவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்ற பிறகே அனுமதி கிடைத்தது.

அந்த நண்பர் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் கப்பல் அவரைத் திருப்பிக் கொண்டுபோயிருக்கும். மின் பொறியியலின் வரலாறும் கொஞ்சம் வேறுவிதமாக இருந்திருக்கும்.

அமெரிக்காவில் அவர் தம் பெயரைச் சார்ல்ஸ் என்று மாற்றிக்கொண்டார். நடுப்பெயராகப் பழைய பட்டப்பெயரான புரோட்டியஸையே வைத்துக்கொண்டார். நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில் ருடால்ஃப் ஐக்கமயர் நடத்திய தொழிற்சாலையில் வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. ஐக்கமயரும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்தான். புதிதாக வந்த இளைஞரின் திறமையைச் சீக்கிரமே புரிந்துகொண்டு, சோதனைகள் செய்ய வசதியும் கொடுத்தார்.

சூடாகும் இரும்பு

அந்த ஆண்டுகளில் மின்துறை கொதித்துக்கொண்டிருந்தது. 1888இல்தான் நிக்கோலா டெஸ்லா மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடும் தூண்டல் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இன்று எங்கள் பணிமனைத் தூசி உறிஞ்சியில் ஓடுவதும் அதே குடும்பத்து மோட்டார்தான். ஆனால் அத்தகைய இயந்திரங்களைக் கட்டியவர்களுக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. இரும்பு சூடாகியது. எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியவில்லை. மோட்டாரைக் கட்டி, ஓடவிட்டு, தொட்டுப் பார்த்து, சூடு தாங்கவில்லை என்றால் மீண்டும் கட்ட வேண்டும்.

மாறுதிசை மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் இரும்பின் காந்தத் தன்மையும் திசை மாற வேண்டும். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது ஒரு விநாடிக்கு 100 முறை நடக்கிறது. இரும்பு உடனே மாறுவதில்லை. முரண்டு பிடிக்கும். அந்த முரண்டில் செலவாகும் ஆற்றல் வெப்பமாகிறது.

ஸ்டைன்மெட்ஸ் பல வகை இரும்புகளைச் சோதித்து, எண்களை அடுக்கி, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டார். இரும்பில் காந்தச் செறிவு கூடும்போது, ஒவ்வொரு சுற்றிலும் வீணாகும் ஆற்றல் அந்தச் செறிவின் 1.6ஆம் அடுக்கைப் போல் கூடுகிறது. செறிவு 20 விழுக்காடு ஏறினால் இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். 1892 ஜனவரியில் அமெரிக்க மின் பொறியாளர் கழகத்தில் இதை அவர் அறிவித்தபோது வயது 26தான். அதன் பிறகு மோட்டார் எவ்வளவு சூடாகும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே தாளில் கணக்கிட முடிந்தது.

கற்பனை எண் செய்த உதவி

1893இல் ஜெனரல் எலெக்டிரிக் நிறுவனம் ஐக்கமயரின் தொழிலை வாங்கியது. ஸ்டைன்மெட்ஸும் அந்த நிறுவனத்துக்கு மாறினார். முதலில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரிலும், 1894 முதல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரிலும் வேலை பார்த்தார். வாழ்நாள் முழுவதும் ஸ்கெனெக்டடியே அவர் ஊரானது.

அதே 1893இல் சிகாகோவில் நடந்த அனைத்துலக மின்னியல் மாநாட்டில் அவர் ஒரு கட்டுரை படைத்தார். என் மீட்டர் காட்டிய 7 ஆம்பியர் புதிருக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று வேலை செய்யும் பகுதி. காற்றைத் தள்ளுவது, மரத்தை அறுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மற்றொன்று இரும்பைக் காந்தமாக்கும் பகுதி. அது கொண்டுவரும் ஆற்றல் மோட்டாருக்குள் போய், அடுத்த நொடித்துளியிலேயே திரும்பி வந்துவிடும். செலவாவதில்லை. ஆனால் அது இல்லாமல் மோட்டார் சுற்றாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றொன்று சுழியத்தில் இருக்கும்.

அதனால் இவற்றைச் சாதாரணமாகக் கூட்ட முடியாது. வேலைப் பகுதி 8 ஆம்பியர், காந்தப் பகுதி 6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 14 இல்லை, 10. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் 8, 6 என்றால் கர்ணம் 10 என்று உயர்நிலைப் பள்ளியில் படித்தோமே, அதே பித்தாகரஸ் கணக்குதான்.

ஸ்டைன்மெட்ஸுக்கு முன்பும் பொறியாளர்களுக்கு இது தெரியும். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் வளைகோடுகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் பக்கம் பக்கமாக வேண்டியிருந்தன. அவர் கலப்பெண்களைக் கொண்டுவந்தார். வேலைப் பகுதியை மெய்யெண்ணாகவும், காந்தப் பகுதியைக் கற்பனை எண்ணாகவும் எழுதிவிட்டால், கடினமான சமன்பாடுகள் சாதாரண இயற்கணிதமாகிவிடும். தொடக்கக் கல்லூரியில் கலப்பெண் பாடம் நடக்கும்போது, இல்லாத எண்ணைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று நம்மில் பலர் முணுமுணுத்திருப்போம். நாம் போடும் ஒவ்வொரு விளக்கும், ஏறும் ஒவ்வொரு மின்தூக்கியும், எம்ஆர்டி ரயிலுக்கு வரும் மின்சாரமும் அந்த எண்களைக் கொண்டு கணக்கிடப்பட்டவைதான்.

தொடக்கத்தில் இந்த முறையைப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. ஸ்டைன்மெட்ஸ் சலித்துக்கொள்ளவில்லை. 1897இல் மாறுதிசை மின்னோட்டம் பற்றித் தம் முதல் பாடநூலை வெளியிட்டார். பிறகு பொறியாளர்களுக்கான கணிதத்துக்கே தனி நூல் எழுதினார். 1901இல் மின் பொறியாளர் கழகத்தின் தலைவரானார். 1902இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளித்தது. அதே ஆண்டு முதல் ஸ்கெனெக்டடியில் உள்ள யூனியன் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியராகவும் பாடம் நடத்தினார். பிரெஸ்லாவில் கை நழுவிய முனைவர் பட்டத்தை 1903இல் அந்தக் கல்லூரியே அவருக்குக் கௌரவமாகத் தந்தது.

வீடும் ஊரும்

தம் உடற்குறை பிள்ளைகளுக்கும் போய்ச் சேரக்கூடாது என்று எண்ணி ஸ்டைன்மெட்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் தனிமையில் வாழவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் தம்மோடு உழைத்த ஜோசப் ஹேடன் என்ற இளைஞரைத் தத்து மகனாக ஏற்றார். ஹேடனும் மனைவியும் அவருடைய பெரிய வீட்டிலேயே குடியிருந்தார்கள். அவர்களுடைய மூன்று பிள்ளைகளுக்கும் அவர் தாத்தா ஆனார்.

கோடைக்காலத்தில் மோஹாக் ஆற்றுப் பக்கம் இருந்த தம் குடிலுக்குப் போய்விடுவார். சிறு படகின் குறுக்கே பலகையைப் போட்டு, அதையே மேசையாக வைத்துக் கணக்குப் போடுவார். வாயில் சுருட்டு எப்போதும் இருக்கும்.

இளமையில் நாட்டை விட்டு ஓட வைத்த கொள்கையை அவர் கைவிடவில்லை. ஸ்கெனெக்டடியில் சமதர்மக் கட்சி நகராட்சியைப் பிடித்தபோது, கல்வி வாரியத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். குடியேறிகளின் பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள், இலவசப் பாடநூல்கள், பள்ளிகளுக்குத் தாதியர் ஆகியவற்றுக்காகப் பாடுபட்டார். மொழி தெரியாமல் துறைமுகத்தில் நின்ற நாளை அவர் மறந்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

மின்னலும் சாக்கட்டியும்

1920இல் அவருடைய குடிலை மின்னல் தாக்கியது. வேறொருவராக இருந்தால் உடைந்த கண்ணாடியைக் குப்பையில் போட்டிருப்பார். அவர் சிதறிய துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, மின்னல் எந்த வழியே பாய்ந்தது என்று ஆராய்ந்தார். மின்கம்பிகளையும் நிலையங்களையும் மின்னலில் இருந்து காப்பாற்றுவது அன்று பெரும் சவால். 1922இல் ஆய்வுக்கூடத்திலேயே 120,000 வோல்ட் செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டினார். செய்தித்தாள்கள் அவரை இடியைக் கையாளும் தெய்வத்தோடு ஒப்பிட்டு எழுதின.

அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து அச்சில் வந்த ஒரு கதையும் உண்டு. ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் பெரிய மின்னாக்கி ஒன்று கோளாறு செய்ததாம். ஸ்டைன்மெட்ஸ் வந்து, ஒரு குறிப்பேடும் பென்சிலும் கட்டிலும் மட்டும் கேட்டாராம். இரண்டு நாளும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டபடி கணக்குப் போட்டாராம். பிறகு ஏணியில் ஏறிச் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, அந்த இடத்தில் சுருளின் சில சுற்றுகளைக் குறைக்கச் சொன்னாராம். கோளாறு நீங்கியது. அனுப்பிய விலைச்சீட்டு 10,000 டாலர். கோடு கிழித்ததற்கு 1 டாலர், எங்கே கிழிப்பது என்று அறிந்ததற்கு மீதி 9,999 டாலர்.

கதை உண்மையோ இல்லையோ, பொறியாளர்கள் அதை இன்றும் விரும்பிச் சொல்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது பணம் அல்ல, அந்த இரண்டு நாள் பொறுமை. வந்தவுடன் மின்னாக்கி பழுது, மாற்றுங்கள் என்று அவர் சொல்லவில்லை.

200க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற ஸ்டைன்மெட்ஸ், 1923 அக்டோபர் 26ஆம் தேதி, 58 வயதில் ஸ்கெனெக்டடியில் காலமானார்.

மறுபடியும் பணிமனை

அவர் காட்டிய வழியில் என் அளவுகளை மீண்டும் போட்டுப் பார்த்தேன். எளிமைக்காக, மோட்டாரின் காந்தப் பகுதியை 6 ஆம்பியர் என்று எடுத்துக்கொண்டேன். சுமை ஏறினாலும் இறங்கினாலும் அது பெரிதாக மாறுவதில்லை. குழாய் மாட்டியபோது மீட்டர் காட்டிய 10இல், வேலைப் பகுதி 8. அடைப்பை மூடியபோது காட்டிய 7.2இல், வேலைப் பகுதி 4. அதாவது சுமை பாதியாகிவிட்டது. ஆனால் மீட்டரில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்தது. வாய் திறந்து கிடந்தபோது காட்டிய 12.5இல் வேலைப் பகுதி ஏறத்தாழ 11. மோட்டார் தன் அளவை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வேலை செய்துகொண்டிருந்தது. காற்றே நகராதபோது வந்த 7 ஆம்பியரில் பெரும்பகுதி இரும்பைக் காந்தமாக்கப் போனது. மோட்டாரில் பழுதே இல்லை. குழாயை மாட்டாமல் ஓடவிட்ட நான்தான் பழுது.

அறிக்கையைக் கிழித்துவிட்டு, மின்னோட்டம் கூடுதலாகக் காட்டினால் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசை எழுதினேன். உங்கள் பள்ளியின் வடிவமைப்பு, தொழில்நுட்பப் பணிமனையிலும் இது உதவலாம்.

முதலில், அளந்த விதம் சரியா? கிளாம்ப் மீட்டர் ஒரு கம்பியை மட்டும் சுற்ற வேண்டும். போகும் கம்பி, வரும் கம்பி இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் ஒன்றை மற்றொன்று அழித்துச் சுழியம் காட்டும். மோட்டார் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு பாயும். வேகம் நிலைத்த பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, காற்றின் வழி எப்படி இருக்கிறது? குழாயும் தூள் பையும் மாட்டியிருக்கின்றனவா? தேவைக்கு மேல் அடைப்புகள் திறந்து கிடக்கின்றனவா?

மூன்றாவது, மோட்டார் இயங்கும்போது அதன் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது? நீளமான, மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும்.

நான்காவது, தகட்டில் என்ன எழுதியிருக்கிறது? 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்குச் செய்த மோட்டாரை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் விசிறி மெதுவாகச் சுற்றும், சுமையும் குறையும். ஆனாலும் மின்னோட்டம் ஏறக்கூடும். ஒவ்வொரு முறையும் திசை மாற நேரம் கூடுதலாகக் கிடைப்பதால் இரும்பில் காந்தச் செறிவு ஏறி, காந்தப் பகுதி பெருகிவிடுகிறது. வேலை குறைந்தும் மீட்டர் ஏறும் இந்த விந்தையை, மின்னோட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்காமல் புரிந்துகொள்ளவே முடியாது.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் மின்தேக்கி, தாங்கு உருளை, சுருள் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். மின் இணைப்புகளைத் திறந்து பார்ப்பது உரிமம் பெற்ற மின் பணியாளரின் வேலை. மாணவர்களாகிய நாம் அதில் கை வைக்கக்கூடாது.

நியூயார்க் துறைமுகத்தில் அதிகாரிகள் கண்டது ஒரு கூனல் முதுகு. நான் கண்டது 12.5 என்ற ஓர் எண். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் பார்த்ததை மட்டும் வைத்து முடிவு எழுதியிருந்தால் இரண்டுமே தவறாகியிருக்கும். புதிய அறிக்கையை அங்கிளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையசைத்தார். புதிய மோட்டார் வாங்க வேண்டியிருக்கவில்லை. பழையது இன்றும் ஓடுகிறது, குழாயோடு.